‘சான்றிதழ் இருக்கிறது’ என்பது பதில் அன்று: நிறவைரம் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நிறவைரம் விற்கும் அன்பர்களுக்கும், அவர்கள் அங்கம் வகிக்கும் வணிகச் சங்கங்களுக்கும்,

வணக்கம்.

நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியவன். ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகாமல் இருந்தால் இன்றும் எனக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்டவன், வாழ்நாளில் வாங்கிய ஒரே விலை உயர்ந்த பொருளோடு வந்த ஒற்றைத் தாளை வாசிக்காமல் மடித்து உள்பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினேன். இந்த விவகாரத்தில் முதல் குற்றவாளி நான்தான். இரண்டாவது குற்றவாளிக்கு இந்த மடல்.

என் மனைவிக்குப் பச்சை நிறம் பிடிக்கும். எங்கள் திருமணத்தின் முப்பதாம் ஆண்டுக்கு ஒரு மோதிரம் வாங்க நினைத்தேன். உங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், வெளிர்பச்சை வைரம் பதித்த மோதிரம் ஒன்றை எடுத்து விளக்கின் கீழ் காட்டினார். மூன்று கேள்விகள் கேட்டேன். இது அசல் வைரமா? “சான்றிதழ் இருக்கிறது, ஐயா.” இந்தப் பச்சை இயற்கையா? “சான்றிதழ் இருக்கிறது, ஐயா.” பின்னாளில் நிறம் மாறிவிடாதே? அதற்கும் அதே விடை, இம்முறை ஒரு புன்னகையோடு. நான்காவது கேள்வி கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. நம்பிக்கையில்லாதவன் என்று நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம். உங்கள் வணிகத்தில் பாதி இந்தக் கூச்சத்தில்தான் நடக்கிறது என்று இப்போது நினைக்கிறேன்.

மூன்று ஆண்டுகள் கழித்து, மோதிரத்தில் கல்லைப் பிடித்திருக்கும் நகம் ஒன்று தளர்ந்தது. சரி செய்யக் கொண்டுபோன இடத்தில், கல் பதிக்கும் பெரியவர் சான்றிதழையும் கேட்டு வாங்கினார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாக வாசித்தார். வாசித்தவர் ஒரு வரியின் மேல் விரலை வைத்து, “இதைப் பார்த்துதான் வாங்கினீர்களா?” என்று கேட்டார். நிறத்தின் மூலம் என்ற தலைப்புக்கு எதிரே ‘தீர்மானிக்க இயலவில்லை’ என்ற பொருள்படும் ஒரே ஓர் ஆங்கிலச் சொல் இருந்தது.

கல் அசல் வைரம்தான். நிலத்தில் விளைந்ததுதான். ஆனால் அதன் பச்சையை மண் கொடுத்ததா மனிதன் கொடுத்ததா என்று ஆய்வகத்தால் சொல்ல முடியவில்லை. முடியவில்லை என்பதை அது நேர்மையாக எழுதியும் விட்டது. தாளில் பொய் இல்லை. சான்றிதழ் இருக்கிறது என்று உங்கள் ஆள் சொன்னதிலும் பொய் இல்லை. பொய்யே இல்லாமல் ஒருவனை ஏமாற்ற முடியும் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

அதன் பிறகு கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். வாசிப்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த தொழில்.

முதலில் அந்தச் சொல். நீங்கள் ‘சான்றிதழ்’ என்கிறீர்கள். 1931இல் தொடங்கப்பட்ட அமெரிக்க ரத்தினவியல் நிறுவனமான ஜி.ஐ.ஏ. தன் தாளை ‘அறிக்கை’ என்றே அழைக்கிறது. இது உத்தரவாதம் ஆகாது, விலை மதிப்பீடும் ஆகாது என்றும் அது சொல்லிவைத்திருக்கிறது. ரத்தப் பரிசோதனை முடிவை யாரும் ஆரோக்கியச் சான்றிதழ் என்று சொல்வதில்லை. சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவு என்றுதான் பார்க்கிறோம். முடிவு வந்திருக்கிறது என்பதையே நல்ல செய்தியாகச் சொல்லும் மருத்துவரை நம்புவோமா? ‘சான்றிதழ்’ என்ற சொல்லுக்குள் ஒரு நற்சாட்சி ஒளிந்திருக்கிறது. அந்தத் தாளோ கல்லில் கண்டதை மட்டும் எழுதுகிறது. கண்டது நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம்.

வெள்ளை வைரத்துக்குப் பழகிய கண்ணோடு வருகிறவர்களை நிறவைரம் எளிதில் குழப்பிவிடும். வெள்ளையில் நிறம் குற்றம். இங்கே நிறமே குணம். வெள்ளை வைரத்தின் நிறத்தை டி முதல் இசட் வரை இருபத்து மூன்று எழுத்துகளில் அளக்கிறார்கள். கல்லைக் கவிழ்த்து வைத்துப் பக்கவாட்டில் பார்ப்பது அங்கே முறை. அப்போதுதான் பட்டைகளின் மினுமினுப்பு கண்ணை ஏமாற்றாது. நிறவைரத்தை நிமிர்த்தி வைத்து, முகத்தைப் பார்த்துத் தரம் சொல்கிறார்கள். மோதிரத்தில் நாம் பார்க்கப்போவது அந்த முகத்தைத்தானே. இந்தச் சிறிய மாற்றத்துக்குள் ஒரு பெரிய தொழில் நுட்பம் நுழைந்துகொள்கிறது: வெட்டை மாற்றினால் முகத்தில் தெரியும் நிறமும் மாறும். எழுத்து வரிசையின் கடைசியில் கிடக்கும் ஒரு மங்கல் மஞ்சள் கல், வெள்ளைக் கல்லாக விற்றால் மதிப்பில்லாதது. அதையே ரேடியன்ட் வெட்டில், 1977இல் உருவான வெட்டு அது, ஒளி உள்ளே சுற்றிச் சுற்றி வரும்படி பட்டை தீட்டினால், முகத்தில் மஞ்சள் திரண்டு நிற்கும். எல்லைக்கோட்டைத் தாண்டி ‘ஃபேன்சி லைட்’ என்ற நிறவைரத் தரப் பெயர் கிடைத்துவிடும். இதில் மோசடி ஒன்றும் இல்லை, திறமைதான். ஆனால் அந்தக் கல்லைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தால் எவ்வளவு வெளிறிப்போயிருக்கிறது என்பதையும் வாங்குபவருக்குக் காட்டலாம் அல்லவா? எனக்கு யாரும் எந்தக் கல்லையும் சாய்த்துக் காட்டியதில்லை.

தரப் பெயர்களுக்கு வருகிறேன். ஃபெயின்ட், வெரி லைட், லைட், ஃபேன்சி லைட், ஃபேன்சி, ஃபேன்சி இன்டென்ஸ், ஃபேன்சி விவிட், ஃபேன்சி டீப், ஃபேன்சி டார்க். இந்த ஒன்பதையும் ஏணிப்படிகள்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சொல்வது உங்கள் வழக்கம். அது ஏணி இல்லை, ஓரிடத்தில் பிரியும் பாதை. நிறத்தின் செறிவு கூடக் கூட இன்டென்ஸ், விவிட் என்று ஒரு பக்கம் போகிறது. கருமை கூடக் கூட டீப், டார்க் என்று மறுபக்கம் திரும்புகிறது. ‘டார்க்’ என்றால் அடர்த்தி, அடர்த்தி என்றால் உயர்வு என்று விளக்கம் சொன்ன ஒருவரிடம் நானே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒவ்வொரு பெயரும் ஒரு புள்ளி அன்று, ஒரு பரப்பு. இன்டென்ஸின் உச்சியில் இருக்கும் கல்லும் விவிட்டின் வாசலில் இருக்கும் கல்லும் இரட்டைப் பிள்ளைகள்போல இருக்கும். விலையில் மட்டும் ஒன்று மாடியிலும் மற்றொன்று தரையிலும் நிற்கும். மாறாக, ஒரே ‘விவிட்’ என்ற பெயரைத் தாங்கிய இரண்டு கற்களை அருகருகே வைத்தால் ஒன்று மற்றதை வெளிறச் செய்துவிடலாம். ஆகவே தாளைப் பார்த்துக் கல்லை வாங்குவதும் தவறு, கல்லைப் பார்த்துத் தாளை விடுவதும் தவறு. ‘விவிட்’, ‘டீப்’ என்ற இரண்டு பெயர்களுமே 1990களின் நடுவில்தான் ஜி.ஐ.ஏ. அளவையில் சேர்ந்தன. அதற்கு முந்தைய தாளில் இன்டென்ஸ் என்று இருக்கும் கல் இன்று வேறு பெயர் பெறக்கூடும். பழைய தாளோடு கல்லை விற்க வருகிற முதியவர்களிடம் இதைச் சொல்கிறீர்களா? வாங்கும்போது தெரியாமலே போகிற விவரம், விற்கும்போது மட்டும் உங்கள் நினைவுக்கு வருகிறதோ என்று எனக்கு ஐயம் உண்டு.

சிவப்புக்கு இந்தப் படிகள் எதுவும் கிடையாது. ‘ஃபேன்சி ரெட்’ என்பதோடு முடிந்தது. கறுப்புக்கும் பால்வெள்ளைக்கும் அப்படியே. ‘விவிட் ரெட்’ என்று யாராவது சொன்னால், அவர் தாளைப் பார்த்துச் சொல்லவில்லை என்று பொருள்.

நிறத்தின் பெயர் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் அது இலக்கணம். ‘பர்ப்பிளிஷ் பிங்க்’ என்றால் ஊதாச் சாயல் ஓடும் இளஞ்சிவப்பு. ‘பிங்கிஷ் பர்ப்பிள்’ என்றால் இளஞ்சிவப்புச் சாயல் ஓடும் ஊதா. இடையில் சாயல் விகுதி இல்லாமல் ‘பர்ப்பிள் பிங்க்’ என்று வந்தால், ஊதாவின் பங்கு சாயலைவிட அதிகம், ஆனாலும் தலைமை இளஞ்சிவப்புக்கே. கடைசிச் சொல்தான் தலை. தமிழருக்கு இதை விளக்க இரண்டு நிமிடம் போதும்: மணித்தேர் என்றால் தேர், தேர்மணி என்றால் மணி. இவ்வளவு எளிதான செய்தியை ‘கனரி’ என்றும் ‘ஷாம்பெயின்’ என்றும் ‘காக்னாக்’ என்றும் பெயர் சூட்டி மறைப்பானேன்? இந்தப் பெயர்கள் எதுவும் அந்தத் தாளின் நிறத் தர வரியில் வராது. விற்பவர் வாயில் ஷாம்பெயினாக இருந்தது, தாளில் பழுப்பாக இருக்கும். பழுப்பு வைரம் அழகான வைரம். அதற்குப் பழுப்பு என்று சொல்லவே ஏன் வெட்கப்படுகிறீர்கள் என்பது எனக்குப் புரியவில்லை.

சாயல் சொற்களில் இரண்டைப் பார்த்தால் மட்டும் நின்று யோசிக்க வேண்டும்: ‘பிரவுனிஷ்’, ‘கிரேயிஷ்’. பழுப்பும் சாம்பலும் நிறத்தைத் தூய்மையாக ஒளிர விடாமல் இழுப்பவை, பெரும்பாலும் விலையையும் இழுப்பவை. அதற்காக அவை இழிவு என்று பொருளில்லை. 45.52 காரட் எடையுள்ள ஹோப் வைரத்தின் நிறமே ‘ஃபேன்சி டீப் கிரேயிஷ் புளூ’தான், உலகம் அதைப் பார்க்க வரிசையில் நிற்கிறது. ஆனால் அந்தச் சாம்பலின் எடை என்ன என்பதற்கு இன்னொரு நீல வைரமே சாட்சி. விட்டல்ஸ்பாக் வைரம் 2008இல் ஏலத்துக்கு வந்தபோது 35.56 காரட், அதற்கும் அதே ‘ஃபேன்சி டீப் கிரேயிஷ் புளூ’. வாங்கிய வணிகர் அதை மறுபடி தீட்டி 31.06 காரட் ஆக்கினார். நாலரை காரட் தூளாயிற்று. கூடவே தாளிலிருந்து ‘கிரேயிஷ்’ என்ற ஒரு சொல் போயிற்று. தெளிவுத் தரமும் உள்பழுது அற்றது என்று உயர்ந்தது. மூன்று நூற்றாண்டு வரலாறு உள்ள கல்லை இப்படிச் செய்யலாமா என்று அருங்காட்சியகத்துக்காரர்கள் குமுறினார்கள். குமுறல் நியாயம்தான். மெய்ப்புத் திருத்துபவன் என்ற முறையில் எனக்கோ வேறொன்று தோன்றியது: ஒரு பெயரடையை நீக்க இவ்வளவு விலை கொடுத்த இன்னொருவரை நான் பார்த்ததில்லை. உங்கள் தொழிலில் ஒரு சொல்லின் மதிப்பு உங்களுக்கு எவ்வளவு நன்றாகத் தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்தச் சொல்லை வாங்குபவரிடம் வாசித்துக் காட்டத்தான் நேரம் இல்லை.

இனி அந்த வரி. நிறத்தின் மூலம்.

வெள்ளை வைரத்துக்கு வெட்டு எப்படியோ, நிறவைரத்துக்கு இந்த வரி அப்படி. மற்ற எல்லாம் இதற்குப் பின்னால்தான். மஞ்சளைத் தருவது கல்லுக்குள் புகுந்த நைட்ரஜன். நீலத்தைத் தருவது போரான். பத்து லட்சம் அணுக்களுக்கு ஒன்றுகூட வேண்டியதில்லை, அதற்கும் குறைவே கல்லை நீலமாக்கப் போதும். அத்தகைய நீலக்கல்லில் மின்சாரமும் பாயும். இளஞ்சிவப்பு பெரும்பாலும் எந்த வேற்றுப் பொருளாலும் வருவதில்லை. பூமிக்கு அடியில் கல் நசுங்கி, அதன் படிக அடுக்குகள் வழுக்கி நெளிந்ததன் தழும்பு அது. அணு அளவில் அங்கே நடந்தது சரியாக என்ன என்பது இன்னும் முழுவதும் பிடிபடவில்லை. அந்தத் தழும்புக் கற்களை உலகுக்கு அள்ளித் தந்த மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் சுரங்கம் 2020 நவம்பரில் மூடப்பட்டது. அந்தச் சுரங்கத்துக்குத் தனி நிற அளவை ஒன்று இருந்தது. அதில் எண் சிறியதாக இருந்தால் நிறம் செறிவு. 1 தான் உச்சம். எண் பெரியதென்றால் மேல் என்று நினைத்து மகிழ்ந்தவர்கள் இருக்கக்கூடும்.

பச்சைதான் என் வழக்கு. அதனால் அதில் சற்று நின்றுவிடுகிறேன். பச்சையைப் பெரும்பாலும் தருவது கதிர்வீச்சு. மண்ணுக்குள் யுரேனியம் போன்ற தாதுக்களுக்கு அருகில் ஒரு வைரம் நெடுங்காலம் கிடந்தால், அதன் அணுக்கள் சில இடம் பெயர்ந்து, கல் பச்சையாகத் தெரியும். பல கற்களில் அந்தப் பச்சை ஒரு தோல் மட்டுமே; பட்டை தீட்டினால் போய்விடும். விவரம் அறிந்தவர்கள் கல்லின் இடைவிளிம்பில் தீட்டாத மேற்பரப்பைச் சிறிதளவு வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள். அதில் இருக்கும் பச்சை அல்லது பழுப்புக் கறை இயற்கைக் கதிர்வீச்சின் தடயம். எனக்கு அந்தச் செய்தி வியப்பாக இருந்தது: குறைபோலத் தோன்றும் ஓர் அழுக்குப் புள்ளி, கல்லின் பிறப்புக்கே சாட்சி சொல்கிறது.

சிக்கல் என்னவென்றால், மண் செய்ததை மனிதனும் செய்வான். 1904இல் வில்லியம் குரூக்ஸ் ரேடியம் உப்பில் வைரங்களைப் புதைத்து வைத்துப் பச்சையாக்கிக் காட்டினார். அந்தக் கற்களிலேயே கதிரியக்கம் ஏறிவிட்டது. பின்னாளில் வந்த முறைகளில் அந்த ஆபத்தைத் தவிர்த்துவிட்டார்கள். இயற்கையும் கருவியும் ஒரே வேலையை ஒரே வழியில் செய்வதால், எது யார் கைவண்ணம் என்று பிரித்தறிவது பல பச்சைக் கற்களில் இயலாமலே போகிறது. டிரெஸ்டன் பச்சை வைரத்துக்கு மட்டும் அந்தச் சந்தேகம் எழாது. சாக்சனியின் ஆட்சியாளர் அதை வாங்கியது 1742இல். அப்போது ரேடியமும் இல்லை, கருவியும் இல்லை. என் கல்லுக்கு அப்படி ஒரு பிறப்புப் பதிவேடு கிடையாது. தடயம் தாங்கிய தோலும் இல்லை. யாரோ சுத்தமாகத் தீட்டிவிட்டார்கள்.

இதை வாங்கும்போதே சொல்லியிருந்தால் நான் வாங்கியிருக்க மாட்டேனா? வாங்கியிருப்பேன் என்றே நினைக்கிறேன், அதற்குரிய விலையில். ‘தீர்மானிக்க இயலவில்லை’ என்பதற்கு ஒரு விலை, ‘இயற்கை’ என்பதற்கு ஒரு விலை, ‘பதப்படுத்தியது’ என்பதற்கு ஒரு விலை. மூன்றுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். நான் முதலாவதற்கு நடுவில் உள்ளதன் விலையைக் கொடுத்தேன்.

பச்சையில்தான் இந்த வரி உதைக்கிறது என்று மற்றவர்கள் நிம்மதி அடைய வேண்டாம். மலிவான பழுப்புக் கல்லை உயர்ந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் வைத்து மஞ்சள்பச்சையாகவும், கல்லின் வகையைப் பொறுத்து நிறமற்றதாகவும் இளஞ்சிவப்பாகவும் நீலமாகவும்கூட மாற்றுகிறார்கள். கதிர்வீச்சுக்குப் பின் சூடேற்றி மஞ்சளும் சிவப்பும் வரவழைக்கிறார்கள். கல்லின் அடிப்பக்கம் மெல்லிய வண்ணப் பூச்சு பூசுவதும் உண்டு. அது தேயும், நகைக் கடையின் சுத்திகரிப்பிலேயே போகவும் கூடும். நிலைக்காத இத்தகைய பூச்சு உள்ள கல்லுக்கும், விரிசலில் கண்ணாடி நிரப்பிய கல்லுக்கும் ஜி.ஐ.ஏ. தர அறிக்கையே கொடுப்பதில்லை. பதப்படுத்திய கல்லை விற்காதீர்கள் என்று நான் கேட்கவில்லை. பதப்படுத்தியது என்று சொல்லி விற்றால் போதும்.

ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தைப் பற்றி ஒரு சொல். அதன்மேல் எனக்குப் பகை இல்லை. மஞ்சள் நிறம் அங்கே எளிது. அழுத்தமும் வெப்பமும் கொடுத்து வளர்க்கும்போது காற்றிலிருக்கும் நைட்ரஜன் தானாகவே உள்ளே போய் நிறம் கொடுத்துவிடும், அதைத் தடுப்பதுதான் வேலை. போரான் சேர்த்தால் நீலம். நீலக்கல்லில் மின்சாரம் பாய்கிறது என்று கருவி வைத்துக் காட்டி, ஆகவே இயற்கை என்று முடிப்பவர்கள் கவனிக்க: இதிலும் பாயும். 2015இல் வந்த பன்னாட்டுத் தர விதி ஐ.எஸ்.ஓ. 18323, அடைமொழி இல்லாமல் ‘வைரம்’ என்று சொன்னால் அது இயற்கை வைரத்தையே குறிக்கும், வளர்த்ததை வளர்த்தது என்று சொல்ல வேண்டும் என்கிறது. அடைமொழி போட ஒரு வினாடி ஆகும்.

தாளில் இருக்கும் எண் கல்லின் இடைவிளிம்பிலும் லேசர் கொண்டு பொறிக்கப்பட்டிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அது கட்டாயம் இல்லை. பொறித்திருந்தால் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பொருத்திக்கொள்ளலாம். ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. இயற்கைக் கல் ஒன்றின் அறிக்கை எண்ணை, ஆய்வகத்தில் வளர்த்த கல்லின் விளிம்பில் பொறித்து, ஆய்வகத்துக்கே அனுப்பிப் பிடிபட்ட நிகழ்வுகள் உண்டு. எண்ணுக்குப் பிறகு எடையையும் பார்க்க வேண்டும், மில்லிமீட்டர் அளவுகளையும் பார்க்க வேண்டும். எடை காரட்டின் நூறில் ஒரு பங்கு வரை தாளில் இருக்கும். ஒரு காரட் என்பது 0.2 கிராம். அறிக்கை எண்ணை ஆய்வகத்தின் இணையதளத்தில் இட்டுப் பார்த்தால் அதன் பதிவும் திறக்கும். இதையெல்லாம் வாங்குபவர் கேட்டுச் செய்வதற்கும் விற்பவர் தாமே செய்து காட்டுவதற்கும் இடையே உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியாதது இல்லை.

மோதிரத்தில் பதித்த கல்லை எடை போட முடியாது. அதுமட்டுமா? மஞ்சள் கல்லுக்கு அடியில் மஞ்சள் பொன்னும், இளஞ்சிவப்புக் கல்லுக்கு அடியில் செம்பொன்னும் வைத்து மூடிக் கட்டினால் நிறம் ஒரு படி ஏறித் தெரியும். நகைக்கு அது அழகு. தரம் பார்க்கும் வேளையில் அது திரை. அந்த வேளைக்காவது கல்லைத் தனியாகக் காட்டுங்கள். உங்கள் கடை விளக்கைப் பற்றியும் சொல்ல நினைத்தேன். அந்த ஒளியில் என் பழைய மூக்குக்கண்ணாடிகூட அழகாகத் தெரிந்தது. ஆய்வகம் சாம்பல் நிறச் சூழலில், கட்டுப்படுத்திய ஒளியில், ஒப்புக் கற்களோடு வைத்துப் பார்த்துதான் நிறம் சொல்கிறது. சன்னலோரம் ஒரு வெள்ளைத் தாள், பகல் வெளிச்சம்: அவ்வளவு போதும் எங்களுக்கு.

தெளிவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நிறவைரத்தில் அது இரண்டாம் இடத்தில்தான் நிற்கிறது. நிறம் நன்றாக இருந்தால் உள்ளே இருக்கும் சிறு புள்ளியைச் சந்தை மன்னிக்கிறது. வெட்டுக்குத் தரமே தாளில் கிடையாது. மெருகும் சமச்சீரும் மட்டும் இருக்கும். வெட்டின் தரம் எங்கே என்று தேடி, அதை ஒளித்துவிட்டீர்கள் என்று சந்தேகப்பட்டவன் நான். அந்த ஒரு குற்றச்சாட்டை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நிறம் கல் முழுவதும் சமமாகப் பரவியிருக்கிறதா என்று ஒரு வரி இருக்கும், அதையும் சொல்லுங்கள். தெளிவு இல்லாமல் நிறத்தையும் அதன் மூலத்தையும் மட்டும் சொல்லும் சிறிய அறிக்கையும் உண்டு. அது குறைபாடு இல்லை. ஆனால் முழு அறிக்கை என்று நினைத்து வாங்குபவர் வாங்கக் கூடாது.

கடைசியில் குறிப்புகள் என்று ஒரு சிறு பகுதி. மெய்ப்பில் அடிக்குறிப்பை வாசிக்காதவன் மெய்ப்பே பார்க்கவில்லை என்பார் எனக்குத் தொழில் கற்றுத்தந்தவர். இருட்டில் வைத்தாலோ சூடேற்றினாலோ சிறிது நேரம் நிறம் மாறித் திரும்பும் பச்சோந்தி வைரங்களைப் பற்றிய செய்திகூட அங்கேதான் இருக்கும். மனைவிக்கு ஒன்று வாங்கித்தந்து, மறுநாள் பெட்டியைத் திறந்தவுடன் நிறம் வேறாக இருக்கக் கண்டு மிரண்டுபோகும் கணவனை நினைத்துப் பாருங்கள். அதற்கு ஒரு வரி விளக்கம் தந்திருந்தால் அதே கல் அவன் வீட்டின் பெருமை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கல்லைக் காட்டுவதற்கு முன் தாளைக் காட்டுங்கள். தாளை நீட்டிவிட்டு நகராமல், நிறம், மூலம், பரவல், தெளிவு, எடை, குறிப்பு என்று ஆறு வரிகளை வாங்குபவரின் மொழியில் வாய்விட்டு வாசியுங்கள். அந்த ஆறு வரிகளையும் ரசீதில் எழுதிக் கையொப்பம் இடுங்கள். ரசீதில் ‘பச்சை வைரம் ஒன்று’ என்று மட்டும் எழுதியிருந்ததால்தான் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு நான் எதையும் கேட்க முடியாமல் போயிற்று. கேட்டபோது, தாளை அப்போதே உங்கள் கையில் கொடுத்துவிட்டோமே என்றார்கள். கொடுத்தார்கள்தான். அறிக்கையின் தேதி பல ஆண்டுகள் பழையது என்றால் கல்லை மறுபடி ஆய்வகத்துக்கு அனுப்பித் தாருங்கள். இடையில் அது தேய்ந்தோ மறுபடி தீட்டப்பட்டோ வேறு ஏதும் செய்யப்பட்டோ இருக்கலாம். வாங்குபவர் தாமே தேர்ந்தெடுக்கும் ஆய்வகத்தில் சோதித்துப் பார்க்கச் சில நாள் அவகாசம் கொடுங்கள். அந்த அவகாசத்துக்கு அஞ்சுகிறவரிடம் எந்தக் கல்லும் வாங்க வேண்டாம் என்று என் மகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

சங்கங்களுக்கு ஒன்று. இந்த வரிகளுக்குத் தமிழில் ஒரு நிலையான சொற்பட்டியலை நீங்கள் வெளியிடலாம். முடியாது, மொழியில் சொல் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். வைரத்தின் குற்றங்களைக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று தனித்தனியே பெயரிட்டு வைத்த மொழி இது. ‘தீர்மானிக்க இயலவில்லை’ என்ற இரண்டு சொற்களைச் சொல்ல அதற்கு முடியாதா? பட்டியல் தயாரானால் மெய்ப்புப் பார்த்துத் தருகிறேன், கூலி வேண்டாம்.

மோதிரம் இப்போது என் மனைவியின் விரலில்தான் இருக்கிறது. நடந்ததைச் சொன்னபோது அவள் கையைச் சன்னலோரம் நீட்டி, சிறிது நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதற்கே தெரியாதாமா தன் நிறம் எங்கிருந்து வந்தது என்று?” என்று கேட்டாள். பிறகு சிரித்தாள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

இப்படிக்கு,
தாளை வாசிக்காத ஒரு மெய்ப்புத் திருத்துநர்

பி.கு.: அந்தப் பெரியவர் நகத்தைச் சரிசெய்து கொடுத்தபோது, செய்த வேலையை ரசீதில் மூன்று வரி எழுதி, வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையொப்பம் இட்டார்.